மனைக்கு அப்ரூவல், தண்ணீருக்கு?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால், வயல்களுக்கு நடுவே கலர் கொடிகள் பறப்பதைப் பார்க்கலாம். புதிதாகக் கொட்டிய கிராவல் ரோடு, வெள்ளையடித்து நட்ட கற்கள், ஷாமியானாவுக்குள் மோர். மனை பார்க்க வந்தவர் கேட்கும் முதல் கேள்வி, "டிடிசிபி அப்ரூவலா, சிஎம்டிஏவா?" என்பதுதான். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த அப்ரூவல் எதற்குப் பொறுப்பேற்கிறது, எதற்கு ஏற்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தையே 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி மனை விற்றார்கள். 2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகுதான் அதன் மதிப்பு பலருக்கு உறைத்தது. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டணம் கட்டியவர்களின் காகிதம் சரியானது. மனை தாழ்வில் இருந்தால், அது தாழ்விலேயேதான் இருந்தது.

அங்கீகாரம் தருபவர்கள் சாலை அகலத்தைப் பார்க்கிறார்கள். புறம்போக்கு கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பெரிய மனைப்பிரிவு என்றால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விடச் சொல்கிறார்கள். தாழ்வான இடமானால் நீர்வளத் துறையின் சான்றும் கேட்பார்கள். எல்லாம் சரி; ஆனால் இது ஒரு மனைப்பிரிவை மட்டும் தனியாக வைத்துப் பார்க்கும் பார்வை. தண்ணீர் சர்வே எண் பார்த்து ஓடுவதில்லை.

காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீர் இப்படித்தான் அடையாற்றுக்கு வருகிறது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் இருந்தவர்களைப் படகில் மீட்டது இந்த வழியில்தான்.

ஏரிக்கும் வாய்க்காலுக்கும் புல வரைபடத்தில் கோடு உண்டு. பட்டா வயல் தேக்கும் தண்ணீருக்கு அப்படி எந்தக் கோடும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அரையடி வரப்பு கட்டிய ஓர் ஏக்கர் வயலில் சுமார் ஆறு லட்சம் லிட்டர் நிற்கும். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் ஐம்பது லோடு. அந்த வயலில் மூன்றடி மண் அடித்து மனையாக்கினால், அவ்வளவும் பக்கத்து நிலத்துக்குப் போகிறது. பத்துப் பேர் தனித்தனியே, ஒழுங்காக அனுமதி வாங்கி மண் அடித்தாலும், கடைசியில் நிற்பவன் வீட்டில் தண்ணீர்தான்.

வீடே கட்டக்கூடாது என்று இதற்குப் பொருளில்லை. நகரத்துக்குள் விலை கட்டுப்படியாகாதவர்கள் வேறெங்கே போவார்கள்? பழைய ஊர் அமைந்த விதத்தைப் பார்த்தாலே பாதி விடை இருக்கிறது: நத்தம் மேட்டில், நஞ்சை ஏரிக்குக் கீழே. புதுக் குடியிருப்பையும் நத்தத்தை ஒட்டிய மேட்டுப் புன்செயில் சேர்த்துக் கட்டினால் ரோடும் குழாயும் மிச்சம். சிதறிக் கட்டினால் வீட்டுக்கு ஒரு போர்வெல், பத்தடி தள்ளி ஒரு செப்டிக் டேங்க்.

மீதிப் பாதிதான் சிக்கல். மேட்டுக்காரருக்குச் சென்ட் கணக்கில் விலை, நஞ்சைக்காரருக்கு நெல் என்றால், யார் சம்மதிப்பார்? நஞ்சைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. குஜராத்தில், 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பலருடைய நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பூங்காவுக்கும் எடுத்தது போக, அளவில் குறைந்தாலும் ஒழுங்கான மனையாக உரிமையாளர்களுக்கே திருப்பித் தருகிறார்கள். அகமதாபாத்தின் சுற்றுச்சாலைக்கே இப்படி நிலம் கிடைத்தது. அங்கே சாலைக்கு ஒதுக்கியதை இங்கே ஏரிச் சங்கிலிக்கும் சேர்த்து ஒதுக்கலாம். இழப்பும் லாபமும் எல்லார் தலையிலும் பங்காக விழும்.

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022இல் அரசு ஆணையிட்டது. அந்தப் பரப்புக்குள் வரும் ஊர்களுக்குத் திட்டம் போடும்போது, முதலில் வரைய வேண்டியது கலங்கலிலிருந்து கலங்கலுக்கு ஓடும் கோடு. சாலை அதற்குப் பிறகு வரட்டும். அதுவரை, மனை வாங்குகிறவர் கிராம வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஐப்பசி மழையில் ஒருநாள் அந்த இடத்துக்குப் போய் வரலாம். அன்று அங்கே ஷாமியானா இருக்காது.