தேன் தராத தேனீ



தேனீ என்றவுடன் பிரசங்கிமாராகிய நாங்கள் தேன்கூட்டையும் ஒருமித்த உழைப்பையுமே எடுத்துப் பேசுகிறோம். ஆனால் தேவன் சிருஷ்டித்த 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனித்தே வாழ்கின்றன. நமக்குத் தேன் தருவதுமில்லை.

அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்துப் பாப்பித் தேனீ அப்படிப்பட்டது. கால் அங்குல நீளந்தான். 1993-இல் இதற்கு 'பெர்டிடா மெகோனிஸ்' என்று பெயரிட்டார்கள். லத்தீனில் பெர்டிடா என்றால் காணாமற்போனது என்று பொருள். லூக்கா 15-ஆம் அதிகாரத்தை அறிந்தவர்கள் இப்பெயரை எளிதில் கடந்துபோகமுடியாது.

பெண் தேனீ தனியே மண்ணைத் தோண்டி, மகரந்தத்தை உருண்டையாக்கி, அதன்மேல் முட்டையிட்டு அறையை மூடிவிடும். பிள்ளை வெளிவருவதைக் காணத் தாய் உயிரோடிருப்பதில்லை. இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு பாலைவனத் தேனீயைக் குறித்து 1999-இல் வெளிவந்த ஆய்வு வியப்பானது: மண் நனைந்த பின்னரே அதன் புழுக்கள் வளர்ந்து வெளிவருகின்றன, அப்போதும் ஒரு பங்கு உள்ளேயே காத்திருக்கிறது. ஒரு வருஷம் பொய்த்தாலும் சந்ததி முழுவதும் அழியாது.

பாப்பித் தேனீயோ, நம்மூர்ப் பிரமதண்டின் உறவான செடிகளையும், ஜிப்சம் மண்ணில் வளரும் அரிய பாப்பிகளையும் நம்பியே பிழைக்கிறது. அப்பாப்பிகளில் ஒன்று 1979 முதல் அழிவுக்குள்ளான தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது. நம் வீட்டு ஃபால்ஸ் சீலிங் பலகைக்கு உதவும் அந்த ஜிப்சத்துக்காகவே நிலம் தோண்டப்படுகிறது. வெளியிலிருந்து வந்த தேன் தரும் தேனீக்களும் மலர்களைப் பங்குபோடுகின்றன. யூட்டா மாநிலத்தில் இச்சிறு தேனீ ஆய்வாளர் கண்ணில் படாமற்போயிற்று. இதற்குச் சட்டப் பாதுகாப்புக் கோரி 2018-இல் அமெரிக்க அரசிடம் மனு கொடுக்கப்பட்டது.

"வருகை சமீபமாயிருக்கிறதே ஐயா, அழியப்போகும் உலகத்தில் ஒரு பூச்சிக்காக ஏன் கவலை?" என்று விசுவாசிகள் கேட்பதுண்டு. இக்கேள்வியில் பக்தியைவிடச் சோம்பலே அதிகம் என்பது என் எண்ணம். எஜமான் வருகிறார் என்றறிந்த வேலைக்காரன் அவருடைய வீட்டுச் சாமான்களை உடைத்துப்போடுவானோ? ஏதேன் தோட்டத்தைக் காக்கும் பொறுப்பு, பாவம் வருமுன்னே மனுஷனுக்குக் கொடுக்கப்பட்டது. அந்த ஊழியத்தை ரத்துசெய்யும் வசனத்தை நான் இதுவரை வாசிக்கவில்லை.

இவ்வாரக் குடும்ப ஜெபத்தில் உபாகமம் 22:6, 7-ஐப் பிள்ளைகளோடு வாசியுங்கள். குஞ்சுகளை எடுப்பவன் தாய்ப்பறவையை ஏன் போகவிட வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள்.