பழைய புல்லட்டும் புதுப் பூச்சும்



தகப்பனார் ஓட்டி, இப்போது வீட்டு வாசலில் சாக்குப் போர்த்தி நிற்கும் பழைய புல்லட்டின் எஞ்சினுக்கு வண்ணம் பூசலாமா என்று நம் வாலிபர் சிலர் கேட்கிறீர்கள். பூசலாம். ஆனால் எதைக் காப்பதற்காகப் பூசுகிறீர்கள், எதை மறைப்பதற்காகப் பூசுகிறீர்கள் என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். போதகருக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று புன்னகைப்பவர்கள் புன்னகைத்துவிட்டு மேலே வாசியுங்கள்.

புல்லட் நமக்கு அந்நிய வண்டி அன்று. அது இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்தில் பிறந்தது என்றாலும், 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்ட பின்பு திருவொற்றியூரே அதற்கு வீடாயிற்று. ரெடிட்ச் ஆலை மூடப்பட்டு, தாய்நாட்டில் அந்தப் பெயரே மறைந்துபோன காலத்திலும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. 346 சி.சி. கொண்ட அந்தப் பழைய எஞ்சின், பெரிய மாற்றம் ஏதுமின்றி இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரைக்கும் வார்க்கப்பட்டு வந்தது. டேங்க்கின் மேலுள்ள பொன்னிறக் கோடுகளைத் தொழிற்சாலையில் கையாலேயே வரைகிறார்கள் என்பதை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். டேங்க்கின் கோட்டைப் புகழாதவர் இல்லை. எஞ்சினின் உலோகத்தை உற்றுப் பார்ப்பவர்தான் அரிது.

உற்றுப் பார்த்தால் அதில் இரண்டு உலோகங்கள் தெரியும். நடுவிலுள்ள பேரல் வார்ப்பிரும்பு. மேலே அமர்ந்திருக்கும் ஹெட்டும், கீழே தாங்கும் கிராங்க்கேஸும் அலுமினியக் கலவை. இவ்விரண்டின் சுபாவமும் வேறு. இரும்பில் பிடித்த துரு நிற்காது. உதிர்ந்து, அடியிலுள்ள புதிய இரும்பையும் தின்னத் தொடங்கும். ஆகவே பேரலுக்குப் பூச்சு அவசியம். அலுமினியமோ காற்று பட்டவுடன் தன்மேல் மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்றைத் தானே போர்த்திக்கொள்கிறது. நம் கடற்கரைக் காற்றின் உப்பு அந்தத் தோலையும் துளைக்கும் என்பது உண்மையே. அதற்கு மருந்து, அடிக்கடி கழுவித் துடைத்து எண்ணெய்த் துணியால் ஒற்றி வைப்பது. எண்ணெய்ப் பிசுக்கைக்கூட நீக்காமல் அதன்மேல் வெள்ளி வண்ணத்தைத் தெளித்தால், உப்பும் ஈரமும் பூச்சுக்கு அடியில் புகுந்து வெண்பொடியாகப் பூக்கும். சில மாதங்களில் வண்ணம் தோல் தோலாக உரியும்.

இதே கதையை நம் ஊர்ச் சுவர்களிலும் காணலாம். பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பப்பட்டவை. சுண்ணாம்பு அடித்தவரை சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியிருந்தது. பளபளப்புக்காக பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த வீடுகளில் அந்த வழி அடைபட்டு, காரை உப்பி உதிர்வதை நடந்துபோகிற எவரும் பார்க்கலாம். பூசினவர் கெட்ட எண்ணத்தோடு பூசவில்லை. அடியிலிருப்பது இன்னதென்று விசாரிக்கவில்லை, அவ்வளவே.

பூச்சு என்றாலே மாய்மாலம் என்று பிரசங்கிப்பது எளிது. மத்தேயு 23-ஆம் அதிகாரத்தின் கல்லறைகளை உடனே துணைக்கு அழைத்துவிடுவோம். ஆனால் அக்காலத்து யூதர் பஸ்காவுக்கு முன்பாகக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தது அலங்காரத்துக்காக மாத்திரம் அன்று. வழிப்போக்கர் அறியாமல் தொட்டுத் தீட்டுப்படாதபடி, இங்கே கல்லறை இருக்கிறது என்று காட்டவே அடித்தார்கள். நம் ஊரிலும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்பாகக் குடும்பத்தார் கல்லறையைச் சுத்தம்செய்து வெள்ளையடிக்கிறார்கள். அதில் பொய் எங்கே இருக்கிறது? அன்புதான் இருக்கிறது. தகப்பனின் வண்டியைத் துடைத்து, துருப்பிடித்த பேரலுக்குக் கறுப்பு பூசும் மகனின் கையிலும் அதே அன்பைக் காண்கிறேன்.

நான் கண்டிப்பது வேறொன்றை. கிராங்க்கேஸின் இணைப்பில் எண்ணெய் கசிகிறது. விரிசலில் எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறது. அதன்மேல் ஒரு கோட் வெள்ளி வண்ணம் தெளித்து, பழைமை மாறாத வண்டி என்று விலையை ஏற்றி விற்கிறார்கள். வாங்குகிறவன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாதி வழி போகுமுன் அது அவனுக்கு வெளிப்படுகிறது. எண்ணெய் வற்றி எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் நின்றுபோனால் வெளிப்படுவது பழுது மாத்திரம் அன்று. இதை வியாபார சாமர்த்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கள்ளத் தராசு என்றே சொல்வேன்.

சட்டமும் இந்த விஷயத்தில் கண் வைத்திருக்கிறது. 2021-இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, எஞ்சினிலும் சேசிஸிலும் பெரிய மாற்றமின்றி முதல் வடிவிலேயே பேணப்பட்ட வண்டியைத்தான் விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்வார்கள். ஆகவே கிராங்க்கேஸில் பொறித்துள்ள எஞ்சின் எண்ணைத் தேய்க்காதீர்கள். வண்ணத்தால் தூர்த்தும் விடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் அதுவும் ஒத்திருந்தால்தான் உங்கள் தகப்பனின் வண்டி உங்கள் தகப்பனின் வண்டி.

பூசுவதென்று முடிவு செய்தவர்கள் பூசும் நாளைவிடச் சுத்தம் செய்யும் நாட்களுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். கசிவு இருந்தால் முதலில் காஸ்கெட்டை மாற்றுங்கள். மண்ணெண்ணெயில் பிசுக்கைக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் துருவை நீக்கி, கடைசியாகத் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்கூடப் பூச்சைப் பிடிக்கவிடாது. மணல் வீசித் துரு அகற்றும் முறையை நான் விரும்புவதில்லை. ஒரு துளை அடைக்காமல் விட்டாலும் மணல் துகள் எண்ணெய் வழியில் தங்கி, பேரிங்கை அரைத்துவிடும். வெளியழகுக்குச் செய்தது உள்ளுயிரை வாங்கும். அந்த மணல் தூசியை நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளிக்கு சிலிகோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோயும் வருகிறது.

சாதாரண எனாமல் எஞ்சின் சூட்டுக்கு நிற்காது. சூடு தாங்கும் சிலிகோன் வகைப் பூச்சை வாங்குங்கள். மெல்லிய கோட்டுகளாக அடியுங்கள். பேரலைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் ஃபின்கள் காற்றுக்குச் சூட்டை ஒப்படைப்பதற்காக வார்க்கப்பட்டவை. அவற்றின்மேல் தடித்த பூச்சு, கோடைக்காலத்தில் கம்பளி போர்த்தினது போலாகும். காஸ்கெட் அமரும் முகங்களையும் மரைகளையும் எர்த் ஒயர் தொடும் இடத்தையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். காய்ந்தபின் எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி, முழுவதும் ஆறவிட்டு, மறுபடியும் சற்று அதிக நேரம் ஓட்டுங்கள். அந்தச் சூட்டில்தான் இவ்வகைப் பூச்சு இறுகுகிறது. அவசரக்காரர்கள் விட்டுவிடும் படி இதுவே.

இன்னொரு காரியம் என் மனதை உறுத்துகிறது. இந்த வேலையை நீங்களே செய்யாமல் பட்டறையில் கொடுப்பீர்களானால், அங்கே ஸ்பிரே துப்பாக்கி பிடிக்கும் பையனைப் பாருங்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் இருபகுதி வண்ணங்களில் ஐசோசயனேட் என்னும் இரசாயனம் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கும்; ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டபின் சிறிதளவே மூச்சைத் திணறவைக்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டை அந்த ஆவியைத் தடுப்பதில்லை. பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், உலர்வாகத் தேய்க்காமல் நீர் தொட்டு உப்புத்தாள் போடச் சொல்லுங்கள். வேலை எப்போது முடியும், எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கிற நாம், அந்தப் பையனுக்குத் தகுந்த முகக்கவசம் உண்டா என்று விசாரிப்பதில்லை. இல்லையென்று சொன்னால் அதற்கான பணத்தையும் கூலியோடு சேர்த்துக் கொடுங்கள், அல்லது வேறு பட்டறை பாருங்கள்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் ஈரக்காற்றில் பூச்சு மங்கிப்போகும். வண்டியை வெளியே எடுக்க நினைப்பவர்கள் அதற்கு முன்பே எடுங்கள். பேரலுக்கு மாத்திரம் பூசி, அலுமினியத்தைத் துடைத்து அப்படியே விட்டிருந்தால், ஆராதனைக்கு வரும்போது ஓட்டி வாருங்கள். தகப்பனார் காலால் தேய்ந்துபோன அந்தக் கிக்கரை நானும் பார்க்க வேண்டும்.