இல்லாத எரிமலை

பாமரருடைய நம்பிக்கைகளைக் கண்டிப்பதற்கு நம் நாட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் நாலெழுத்துப் படித்துவிட்டு, பழங்கதை ஒன்றுக்குச் சாஸ்திரத்தின் சட்டையை மாட்டிவிட்டால் அதுவும் சாஸ்திரமாகிவிடும் என்று எண்ணுகிறவர்களுடைய நம்பிக்கைகளைக் கண்டிக்க ஒருவரும் முன்வருவதில்லை. அவ்வகை நம்பிக்கைகளுள் ஒன்று, தென்னாட்டு மலைகள் பலவும் ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கிப் பின்னர் அவிந்து அடங்கிய எரிமலைகள் என்பது. திருவண்ணாமலையைச் சுற்றிவரும் யாத்திரிகர்களுள் இதைச் சொல்லக் கேளாதவர் அபூர்வம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் மேற்கே நெடுஞ்சுவராக நிற்கும் மலைத்தொடரைக் காட்டியும் சிலர் இதையே சொல்கிறார்கள். கிழக்கே சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசலைப் பார்த்தால், "எரிமலைக் குழம்பு பொடிந்து உண்டான மண்" என்று பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். மேற்கே உள்ள மலையைப் பற்றியும் கிழக்கே உள்ள மண்ணைப் பற்றியும் நாம் சொல்லிக்கொள்ளும் இந்த இரண்டும் தவறு.

முதலில் திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். இந்த அபிப்பிராயத்துக்குத் தாய்வீடு அதுவே. பிரமனும் திருமாலும் தம்முள் யார் பெரியவர் என்று வாதிட்டபோது சிவபெருமான் அடிமுடி காணவொண்ணாத சோதித் தம்பமாக நின்றார் என்பதும், அந்தச் சோதியே கிருத யுகத்தில் அக்கினியாகவும், திரேதா யுகத்தில் மாணிக்கமாகவும், துவாபர யுகத்தில் பொன்னாகவும், கலியுகத்தில் கல்லாகவும் விளங்குகிறது என்பதும் தலபுராணம். நெருப்பாயிருந்தது கல்லாயிற்று என்று புராணமே சொல்லும்போது, முன்னோர் எரிமலையைக் கண்ணால் கண்டுதானே எழுதினார்கள் என்று நம் நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி சாமர்த்தியமானதுதான், ஆனால் கணக்குக்கு ஒத்து வருவதில்லை. அந்த வட்டாரத்துப் பாறைகள் 250 கோடி ஆண்டுகளை ஒட்டிய தொன்மை உடையவை. மனிதகுலம் தோன்றியோ மூன்று லட்சம் ஆண்டுகளுக்குச் சற்று ஏறக்குறைய ஆகிறது. கண்டு சொன்ன சாட்சி யார்? மேலும், அகங்காரத்தால் அளக்க முடியாத ஒன்றை நெருப்பு வடிவில் வைத்துப் பேசிய ஒரு மகத்தான கற்பனையை, மலை வெடித்ததைப் பார்த்துவிட்டு வந்து ஊராருக்குச் சொன்னவனுடைய வாக்குமூலமாகச் சுருக்குவது, புராணத்துக்குப் பெருமை சேர்ப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

எரிமலை என்பது ஊகித்து அறியவேண்டிய பொருளன்று. அது தன் தடயங்களை விட்டுச் செல்லும். குழம்பு ஆறாக ஓடி அடுக்கடுக்காக உறைந்திருக்கும். வாயு வெளியேறிய துளைகள் கல்லெங்கும் இருக்கும். சாம்பல் படிந்து இறுகிய படலங்கள் கிடைக்கும். இந்தியாவில் இவற்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவுக்குப் போகலாம். 1787-ல் அது நெருப்புக் கக்கியது பதிவாகியிருக்கிறது, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு உறங்கியபின் 1991-ல் மறுபடியும் விழித்தது. மகாராஷ்டிரத்துக்குப் போனால், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிப் பரந்த தக்காணக் குழம்புப் பாறை இன்றைக்கும் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் அளவில் படிப்படியாக அடுக்கி நிற்கிறது. நம் மேற்கு மலையில் அவற்றுள் ஒன்றேனும் உண்டா? செண்பகத்தோப்பில் ஏறினாலும், இராஜபாளையத்து அய்யனார் கோயில் ஓடையில் நடந்தாலும், தாணிப்பாறை வழியாகச் சதுரகிரிக்குப் போனாலும், காலில் இடறுவது படிகம் படிகமாக இறுகிய, துளையே இல்லாத, பாரமான கல்தான். படிகங்கள் இவ்வளவு பெரிதாக வளரவேண்டுமானால் பூமிக்குள் ஆழத்தில் நெடுங்காலம் உஷ்ணம் நீடித்திருக்க வேண்டும். வெளியே வந்து காற்றில் அவசரமாகக் குளிர்ந்த குழம்பில் அவ்வாறு வளர்வதில்லை. இம்மலைகளின் முக்கியமான பாறை வகைக்குச் சார்னோகைட் என்று பெயர். சென்னைப் பரங்கிமலைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, கல்கத்தாவில் ஜாப் சார்னோக்குடைய கல்லறைமேல் இருப்பதும் அதே கல் என்று கண்டு 1893-ல் இட்ட பெயர் அது. ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் சமாதிக்கல் நம் மலைகளுக்கெல்லாம் பெயர் கொடுத்தது விநோதந்தான். ஆனால் அது இங்கே நமக்கு வழக்கன்று.

இவ்விடத்தில் இராஜபாளையத்தார் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று உண்டு; அவர்களுள் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். பஞ்சாலைக்கும் மாம்பழத்துக்கும் வெள்ளை வேட்டை நாய்க்கும் பேர்போன இந்த ஊர், பாறைகளை ஆராயும் உலகத்து அறிஞர்களிடையே வேறொரு காரணத்தால் பெயர்பெற்றிருக்கிறது. சஃபிரின் என்பது மக்னீசியமும் அலுமினியமும் செறிந்த, நீலச் சாயல் கொண்ட ஒரு கனிமம். குவார்ட்ஸ் என்பது நம் வெங்கச்சங்கல். இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டபடி ஒரே பாறையில் சேர்ந்து உண்டாக வேண்டுமானால், அந்தப் பாறை ஏறத்தாழ 1,000 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தையோ அதற்கும் மேலேயோ தாங்கியிருக்க வேண்டும். அத்தகைய சேர்க்கை தென்னிந்தியாவிலேயே முதன்முதலாக இராஜபாளையத்துப் பாறைகளில் கிடைத்ததாக ஜப்பானிய, இந்திய ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் அறிவித்தார்கள். ஹவாய்த் தீவில் வழிந்தோடும் எரிமலைக் குழம்பின் உஷ்ணம் 1,100 டிகிரிக்குச் சற்று மேலே என்பதை நினைத்துப் பார்த்தால், இது எத்தகைய உஷ்ணம் என்பது விளங்கும்.

அப்படியானால் நாங்கள் சொன்னதும் சரிதானே என்று எரிமலைக் கட்சியார் இங்கே எழுந்து நிற்பார்கள். சற்றே உட்காரவேண்டும். அந்தப் பாறை தொடக்கத்தில் நெருப்பிலிருந்து வரவில்லை. அது நீருக்கடியில் படிந்த களிமண். மடகாஸ்கரும் இலங்கையும் அண்டார்டிகாவும் நம்மோடு ஒட்டிக் கோண்டுவானா என்னும் ஒரே நிலப்பரப்பாகச் சேர்ந்த காலத்தில், இன்றைக்கு ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்களின் மோதலில் அகப்பட்டுப் பூமியின் ஆழத்தில் அமுங்கிக் கிடந்த அந்தச் சேறு, வாய் மூடிய சூளைக்குள் வேகும் பச்சைச் செங்கல்லைப் போல வெந்து, தன்னிடமிருந்த நீரையும் உருகக்கூடிய பகுதியையும் இழந்து, எஞ்சியது படிகமாக இறுகிற்று. எரிமலையில் உள்ளிருப்பது வெளியே வருகிறது. இங்கே வெளியே இருந்தது உள்ளே போனது. உஷ்ணம் ஒன்றாக இருப்பதனால் காரியம் ஒன்றாகிவிடாது.

அது மட்டுமா? அந்த ஆழம் 25 முதல் 30 கிலோமீட்டர். தென்னாட்டில் மிக உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். அத்தகைய சிகரங்கள் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு கனமோ, அவ்வளவு கனமான நிலம் இப்பாறைகளின் தலைமேல் இருந்து, மழையாலும் ஆறுகளாலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரிக்கப்பட்டுக் கடலுக்குள் போன பிறகே இவை வெயிலைக் கண்டன. அக்காலத்து மேற்பரப்பில் ஏதேனும் ஓர் எரிமலை இருந்திருந்தாலும், அதன் கூம்பும் வாயும் என்றைக்கோ மண்ணாகிக் கரைந்திருக்கும். இன்று நாம் காணும் சிகரங்களின் கூம்பு வடிவம், கல்லின் வெடிப்புகளின் வழியே வெயிலும் மழையும் செதுக்கியது. அதைப் பார்த்து எரிமலையின் வாய் என்று சொல்வது, கிழவரின் வழுக்கையைக் கண்டு இவர் பிறந்தபோதே இப்படித்தான் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இந்த வட்டாரத்து மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதைகளோ எரிமலைக் கட்சிக்குச் சிறிதும் அனுகூலமானவை அல்ல. இராஜபாளையத்தில் ஊரையொட்டித் தனித்து நிற்கும் குன்றுக்குச் சஞ்சீவி மலை என்று பெயர்; அனுமன் மூலிகை மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது சிதறி விழுந்த துண்டு அது என்பார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கௌரவத்துக்கு உரிமை கொண்டாடும் மலைகள் இன்னும் பல உண்டு. அதைப் பற்றி நமக்கு ஆட்சேபமில்லை. தொடரோடு ஒட்டாமல் சமவெளியில் ஒற்றையாகக் கிடக்கும் ஒரு கல்மலை பார்ப்பவன் மனத்தில் எழுப்பும் வியப்பை அந்தக் கதை பிடித்திருக்கிறது. சுற்றியிருந்த இளகிய நிலம் கரைந்தபின் எஞ்சிய வைரம் பாய்ந்த பகுதி என்று பூகர்ப்ப சாஸ்திரம் அதே வியப்புக்கு வேறு விடை சொல்கிறது. சதுரகிரியின் கதைகளையும் கேட்டுப் பாருங்கள்: சித்தர்கள், மூலிகைகள், தைலக் கிணறு, பச்சைமால் என்னும் இடையன், அவன் மேய்த்த பசுவின் பால், சாய்ந்த திருமேனியோடு நிற்கும் சுந்தர மகாலிங்கம். எங்கும் பாலும் தைலமும் சுனைநீருமாக இருக்கிறதே அன்றி, மலை வெடித்ததாகவோ சாம்பல் பொழிந்ததாகவோ அதில் ஒரு பேச்சும் இல்லை. ஆகவே எரிமலைக் கதை நம் பாட்டிமார் சொன்னதன்று. பாடப்புத்தகத்தைப் பாதியில் மூடியவர்கள் சொன்னது.

இடையே ஒரு வேடிக்கை. 1990-களின் பிற்பகுதியில் திருநெல்வேலிக்கு அருகே அபிஷேகப்பட்டியில் மண் உருகிக் கண்ணாடிபோல உறைந்து கிடந்ததைக் கண்டு, தென்பாண்டி நாட்டில் எரிமலை பிறந்துவிட்டது என்று பரபரப்பு உண்டாயிற்று. அதன் பிறகும் அங்கங்கே அதே செய்தி. இத்தகைய இடங்கள் பெரும்பாலும் உயர் அழுத்த மின்கம்பங்களின் அடியிலேயே அமைந்தது ஏன் என்று கேட்டவர்களுக்கு உண்மை விளங்கிற்று. மண்ணில் இறங்கிய மின்சாரம் அதை உருக்கியிருந்தது. எரிமலை மின்சார வாரியத்தின் கம்பத்தைத் தேடிப்பிடித்து வருமா?

இனிக் கரிசல். தக்காணத்தின் கரிய மண் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது என்பது மெய். அதைப் படித்த கையோடு கரிய மண்ணெல்லாம் எரிமலை மண் என்று முடிவு கட்டியதுதான் பிழை. அந்தக் குழம்புப் பாறையின் தெற்கு எல்லை பெல்காம் பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல். சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் அடியில் இருப்பது நைஸ் என்னும் வரிப்பாறையும் அதன் இனத்துப் பாறைகளும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மலையடியிலிருந்து கிழக்கு நோக்கி ஒருவர் நடந்து வந்தால் இதைத் தம் கண்ணாலேயே காணலாம். சரிவான இடத்தில் தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடுவதால், கல்லிலிருந்த சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அடித்துக்கொண்டு போக, இரும்பு மிஞ்சித் துருவேறிச் செம்மண் ஆகிறது. நிலம் தாழ்ந்து மட்டமாகி, மழையும் குறைந்த கீழ்ப்புறத்திலோ அந்தச் சத்துக்கள் வெளியேற வழியின்றித் தங்கி, நனைந்தால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் ஒருவகைக் களிமண்ணை உண்டாக்குகின்றன. அந்தக் களியோடு இறுகப் பிணைந்த மக்கு அதைக் கருப்பாக்குகிறது. ஒரே இனத்துக் கல் மேட்டில் சிவந்தும் பள்ளத்தில் கறுத்தும் மண்ணாகிறது. நெருப்புக்கு இதில் வேலையே இல்லை.

இதற்கு ஆராய்ச்சிச்சாலைப் பிரமாணம் வேண்டாதவர்கள், கரிசல் காட்டில் கிணறு வெட்டுகிறவர்களைக் கேட்கட்டும். மேலே கருமண், அதன்கீழ் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான், அதன்கீழ் உளுத்துப் பொடியும் கல், பிறகு வெடிவைத்துத் தகர்க்கவேண்டிய வரிப்பாறை என்று அவர்கள் வரிசை தப்பாமல் சொல்லுவார்கள். தலைமுறை தலைமுறையாக இத்தனை கிணறுகள் வெட்டியிருக்கிறார்களே, துளை விழுந்த எரிமலைக் கல் ஒரு கூடையேனும் மேலே வந்ததா என்று பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் அடுத்த பதிப்புக்கு முன்னால் அவர்களிடம் ஒருமுறை விசாரிப்பது நலம்.