மீன் தீவனத்தில் அமினோ அமிலத் தூள் தேவையா?

கேள்வி: கட்லா, ரோகு, மிர்கால் குளத்தில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டும் வளர்ச்சி மந்தம். லைசின், மெத்தியோனின் தூளைத் தீவனத்தில் தூவச் சொல்கிறார்கள். பலன் உண்டா?

பதில்: குறை உண்மைதான். இந்த இரண்டு அமினோ அமிலங்களையும் மீனின் உடல் தானாக உண்டாக்காது. உணவில்தான் கிடைக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கில் இரண்டுமே குறைவு. ஆனால் உதிரித் தீவனத்தின் மேல் தூவும் தூள், மீன் தின்னும் முன்பே பெருமளவு நீரில் கரைந்துவிடும். பணமும் அதோடு கரையும்.

முதலில் கலவையை மாற்றுங்கள். கடலைப் புண்ணாக்கில் ஒரு பகுதியைக் குறைத்து, சோயாப் புண்ணாக்கும் எள்ளுப் புண்ணாக்கும் சேர்க்கவும். சோயாவில் லைசின் அதிகம், எள்ளில் மெத்தியோனின் அதிகம். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். பிசைந்த தீவனத்தைத் துளையிட்ட சாக்கில் கட்டித் தொங்கவிட்டால் வீணாவது குறையும்.

குளத்து நீரையும் பாருங்கள். மிதவை நுண்ணுயிர்களும் நல்ல புரத உணவே. முழங்கை வரை கையை நீரில் விடும்போது உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் அவை குறைவு. மக்கிய சாணம் இடலாம். நீர் கரும்பச்சையாக இருந்தால் சாணம் வேண்டாம்.

தூள் சேர்த்தே ஆக வேண்டுமெனில், மரவள்ளி மாவுக் கூழோடு பிசைந்து குருணையாகப் பிழிந்து உலர்த்தி, சிறிது சிறிதாகப் பலமுறை போடவும். ஆலைக் குருணைத் தீவனம் வாங்குவோர் மூட்டைச் சீட்டைப் படிக்கவும். ஏற்கெனவே சேர்த்திருந்தால் மறுபடி வாங்குவது வீண் செலவு.