மைக்கு ஒரு பூட்டு

போன வாரம் குடும்பத்தோடு கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்குப் போயிருந்தேன். போன இடத்தில் ஆபீஸிலிருந்து போன். ஒரு பாரத்தை பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, உடனே அனுப்பணுமாம். (எங்கள் மேனேஜருக்கு ஐயனாரிடம்கூட பயமில்லை.) ஒரு ஜெராக்ஸ் கடையைத் தேடிப் பிடித்தால், வாசலில் ஐந்தாறு பேர். கடைக்காரத் தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நேத்து ராத்திரி வரைக்கும் ஓடுச்சு சார். அப்டேட் கேட்டுச்சு, ஓகே குடுத்தேன். காலைல பாத்தா, உள்ள இருக்கற கார்ட்ரிட்ஜையே யாரு நீங்குது!"

மை இருந்தது. மெஷினிலும் கோளாறில்லை. கார்ட்ரிட்ஜ்தான் கம்பெனி சரக்கு அல்ல. பாண்டிச்சேரியில் பாதி விலைக்கு வாங்கியது. பரீட்சைக்கு விண்ணப்பம் போட வந்த இரண்டு பையன்கள் காலாப்பட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்கள். தம்பியின் அன்றைய வரும்படியும் அதே பஸ்ஸில் போனது.

எந்த கம்பெனி என்பது வேண்டாம். விஷயம் இதுதான்: கார்ட்ரிட்ஜில் பொட்டளவு ஒரு சிப் இருக்கும். 'நீ நம்ம ஆளா?' என்று பிரிண்டர் அதைக் கேட்கும். எந்தப் பதிலை ஏற்பது என்பது உள்ளே இருக்கும் சாஃப்ட்வேரின் இஷ்டம். பிரிண்டரை சல்லிசாக விற்று, மையில் சம்பாதிப்பது பழைய வியாபாரக் கணக்கு. கணக்கு உதைத்தால் இன்டர்நெட் வழியாக சாஃப்ட்வேரை மாற்றிவிடலாம்.

2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்.பி.யின் சில ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் உலகெங்கும் திடீரென்று வெளிக் கார்ட்ரிட்ஜ்களை மறுத்தன. கூச்சல் கிளம்பியதும், அந்த மாதக் கடைசியிலேயே, சரியாகச் சொல்லாமல் செய்துவிட்டோம் என்று வருத்தம் தெரிவித்து, பூட்டை எடுக்க இன்னொரு அப்டேட் தருவதாகச் சொன்னார்கள். பூட்டுகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. தரம், பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். 2020ல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. இப்படி ஒரு பூட்டு இருப்பதை வாங்குகிறவரிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 2024 ஜனவரியில், அப்போது தலைமை நிர்வாகியாக இருந்த என்ரிக் லோரஸ், வாடிக்கையாளர் பிரிண்டர் வாங்கினால் அது எங்கள் முதலீடு என்கிற மாதிரி பேசினார். காசு நம்முடையது, முதலீடு அவர்களுடையதாம்!

க்யூவில் நின்ற பெரியவர் மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். "வெள்ளைக்காரன் காலத்துல கண்ணெதிர்ல உப்பு கெடக்கும், அள்ளக்கூடாதும்பானாம். அந்தக் கதையா தம்பி?" என்றார்.

நம் ஊர் ஆசாமிகளும் சும்மா இருந்ததில்லை. ஆஸ்பத்திரி டிரிப்ஸ் மாதிரி, வெளியே மை பாட்டில் வைத்து ட்யூபில் ஓட்டியவர்கள் உண்டு. இந்தோனேஷியாவிலும் இதே வித்தை. கடைசியில் எப்சான் கம்பெனியே 2010ல் அங்கே டேங்க் வைத்த பிரிண்டரை விற்க ஆரம்பித்தது.

"அடுத்தது டேங்க் மாடல்தான் சார்" என்றார் தம்பி. அதுவரை? ஒரு அட்டையில் 'பிரிண்டர் ரிப்பேர்' என்று எழுதி வாசலில் மாட்டினார்.

"ரிப்பேர் இல்லதான் சார். வேற என்னன்னு எழுதறது?"