உழுபவன் என்பவன் யார்?

எங்க அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ‘உழுபவனுக்கே நிலம்’ என்ற முழக்கம் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். கீழத்தஞ்சையில் சாணிப்பாலையும் சவுக்கடியையும் ஒழித்தது செங்கொடிதான். மறுக்கிறவன் நன்றி கெட்டவன். பண்ணையில் ‘டேய்’ என்றே கூப்பிடப்பட்ட மனுஷனை முதன்முதலில் ‘தோழர்’ என்றவர்கள் அவர்கள். 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியதும் அந்தக் கொடியை இறக்க மறுத்ததற்காகத்தான். எரிந்தவர்கள் சேரிக்காரர்கள். தோழர்கள் எழுதியபோது அது கூலிப் போராட்டம் ஆயிற்று. சாதி அடிக்குறிப்புக்குப் போயிற்று.

‘சாதியெல்லாம் மேற்கட்டுமானம் தம்பி, நிலம் கைமாறினா தானா உதிரும், கேரளாவப் பாருங்க’ என்றார் ஒரு தோழர், நான் கல்லூரியில் படிக்கும்போது.

சரி, பார்ப்போம்.

1957இல் அங்கே ஆட்சிக்கு வந்தார்கள். 1969இல் சட்டத்தைத் திருத்தி, 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையையே ஒழித்தார்கள். பெரிய காரியம்தான். ஆனால் நிலம் யாருக்குப் போனது? குத்தகைதாரனுக்கு. காலில் சேறு படாமல் கூலிக்கு ஆள் விட்டு உழுதவனும் அதில் அடக்கம். அந்தச் சேற்றில் நின்ற புலையர், பறையரில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள் அல்லர். கிட்டே வந்தாலே தீட்டு என்றவனா குத்தகைக்கு விடுவான்? ஆகவே சட்டத்தில் அவர்கள் ‘குடிகிடப்புக்காரர்’. குடிசை கிடந்த இடம் மட்டும் உரிமை: கிராமத்தில் 10 செண்டு, நகராட்சியில் 5, மாநகராட்சியில் 3. எங்க ஊர்க் கணக்கில் ஒரு மாவில் மூன்றிலொரு பங்குகூடத் தேறாது. தோட்டங்களுக்கோ உச்சவரம்பே கிடையாது என்று எழுதி வைத்தார்கள். அந்தச் செண்டுகளும் பிள்ளைக்கு, பேரனுக்கு என்று பிரிந்து, சாவு விழுந்தால் அடுக்களைத் தரையைத் தோண்டிப் புதைத்த குடும்பங்கள் அங்கே உண்டு.

2007 ஆகஸ்டில் பத்தனம்திட்டா மாவட்டம் செங்கறையில் நிலமற்ற தலித்துகளும் ஆதிவாசிகளும் ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து குடிசை போட்டார்கள். கேட்டது விவசாய நிலம். அப்போதும் இடதுசாரி ஆட்சிதான். 2008இல் தோட்டத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து வழியை மறித்தன, பிழைப்பு போகிறதென்று. காங்கிரஸ் சங்கத்தோடு சிஐடியுவும் நின்றது. (இந்த ஒற்றுமை வேறு எதற்காவது வந்திருக்கிறதா?) அந்தத் தொழிலாளிகள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களும் அன்றாடங்காய்ச்சிகள். நிலமில்லாதவன் சோத்துக்கு எதிரே கூலிக்காரனை நிறுத்தியது எந்த வர்க்கப் பார்வை, தோழர்?

பதில் சொல்லும் இடத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்கணும். 1964இல் பிறந்த மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக்குழுவில் முதல் தலித் உட்கார்ந்தது 2022இல்.

அப்பா செத்தபோது தோழர்கள் வந்து கொடி போர்த்தினார்கள். நான் தடுக்கலை, அது அவர் கொடி. சேரிச் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. நடவு முடிஞ்ச வயல்ல இறங்கித்தான் தூக்கிட்டுப் போனோம். அம்பது வருஷம் அவர் உழுத வயல். பயிரை மிதிச்சதுக்கு மறுநாள் ஆள் வந்தது, காசு கேட்டு.