தணிக்கும் மருந்தும் தடுக்கும் மருந்தும்

உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாட்களும் மனிதன் உயிர் தரித்திருத்தல் கூடும். மூச்சின்றிச் சில நிமிஷங்கள் இருத்தலும் அரிது. ஆதலின் மூச்சைத் தடைசெய்யும் நோய்கள் ஏனைய நோய்களினும் மிகுந்த அச்சம் விளைத்தல் இயல்பே. அவற்றுள், ஈளை என்றும் இரைப்பு என்றும் நம் முன்னோர் வழங்கியதும், இக்காலத்தார் ஆஸ்துமா என்பதுமாகிய நோயின் மருந்துகளைக் குறித்துச் சில கூற விரும்புகிறேன்.

என்னை இதனை எழுதத் தூண்டியது விடுதியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி. பரீட்சை நாட்களில் ஒருநாள் விடியற்காலை, என் நண்பர் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து, முன்னே குனிந்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். நீல நிறமுள்ள இன்ஹேலரைப் பலமுறை அழுத்தியும் தணியாமையால் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம், பிழைத்தார். பின்னர் அவருடைய பெட்டியில் வேறொரு இன்ஹேலர் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருக்கக் கண்டேன். நாள்தோறும் உபயோகிக்குமாறு வைத்தியர் கொடுத்தது அது. ஏன் உபயோகிக்கவில்லை என்று வினவியதற்கு, "அதை இழுத்தால் ஒன்றும் தெரிவதில்லை, ஆகவே விட்டுவிட்டேன்" என்றார். இவ்விடையே இந்நாட்டில் அநேகருடைய விடையாகும். உடனே சுகம் தருவதே மருந்து என்னும் எண்ணம் இந்நோயைப் பொறுத்தவரை பெருங்கேடு விளைப்பது என்பதே என் துணிபு.

அஃது எவ்வாறெனிற் கூறுவேன். ஆஸ்துமாவில் மூச்சுக் குழல்களுக்கு மூன்று தீங்குகள் நேர்கின்றன. குழலைச் சூழ்ந்த தசை இறுகுகிறது. உட்புறத் தோல் அழற்சியுற்று வீங்குகிறது. சளி மிகுந்து வழியை அடைக்கிறது. இவற்றுள் அழற்சியே வேர். இறுக்கம் அவ்வப்போது வந்து போவது; அழற்சியோ, நோயாளி சுகமாயிருப்பதாக எண்ணும் நாட்களிலும் உள்ளே கனன்றுகொண்டிருப்பது.

நெடுங்காலமாக மனிதர் தேடிக் கண்ட மருந்துகள் பெரும்பாலும் இறுக்கத்தைத் தணிப்பனவே. நம் நாட்டில் ஊமத்தையின் புகையை இரைப்புக்கு உட்கொள்ளும் வழக்கம் இருந்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதனை அறிந்து பயன்படுத்தினார். 1802-ஆம் ஆண்டில் ஜெனரல் ஜென்ட் என்பவர் வாயிலாக அது பிரிட்டனுக்கும் சென்றது. ஊமத்தை கொடிய நஞ்சாதலின் இன்று அதனை ஒருவரும் தீண்டலாகாது. ஆயினும், தசையை இறுகச் செய்யும் நரம்பின் ஏவலை மறிப்பதாகிய அதன் தொழிலையே, தீங்கு குறைந்த இப்ராட்ரோப்பியம் முதலிய மருந்துகள் இந்நாளில் செய்கின்றன.

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், அழுத்துந்தோறும் அளவாக மருந்தைத் தூவும் சிறு குப்பி வெளிவந்தது. 1969-ஆம் ஆண்டில் சால்பியூட்டமால் விற்பனைக்கு வந்தது. இது தசையின் உயிரணுக்களிலுள்ள ஒரு குறித்த ஏற்பியைத் தூண்டி, இறுகிய தசையை நெகிழச் செய்கிறது. சில நிமிஷங்களில் மூச்சு இளகும். நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை பயன் நிற்கும். ஆயின் வீக்கத்தை அது போக்குவதில்லை. வீட்டில் தீப்பற்றியிருக்க, புகை வெளியேறச் சன்னலைத் திறந்து வைப்பது போன்றது அதன் தொழில்.

தீயை அவிக்கும் மருந்து வேறு. உள்ளிழுக்கும் பெக்ளோமெதசோன் 1972-ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. பூடெசோனைடு முதலியன பின்னர் வந்தன. ஸ்டீராய்டு இனத்தைச் சார்ந்த இவை உயிரணுவினுள்ளே புகுந்து, அழற்சியை விளைக்கும் பொருள்கள் உண்டாகாதபடி தடுக்கின்றன. இத்தொழில் மெல்ல நிகழ்வது. முழுப்பயன் தோன்றச் சில வாரங்கள் ஆகும். நிறுத்தினாலோ அழற்சி மீளும். வெள்ளம் வருமுன் அணை கோலுவார்க்கு அன்றன்று கிடைக்கும் ஊதியம் யாது? ஒன்றும் நிகழாமையே ஊதியம். என் நண்பருக்கு "ஒன்றும் தெரியாத" மருந்தின் பெருமை இதுவேயாம்.

தணிக்கும் மருந்தை மட்டும் நம்புதலின் தீமையை உலகம் உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றது. 1960-களில் இங்கிலாந்து முதலிய சில நாடுகளில் ஐசோப்ரினலின் என்னும் மருந்து மிகுந்த வீரியத்தோடு குப்பிகளில் விற்கப்பட்டது. அக்காலத்தில் அந்நாடுகளில் ஆஸ்துமாவால் இறந்தோர் தொகை ஏறிற்று. எச்சரிக்கை விடுக்கப்பட்டு உபயோகம் குறைந்தபின் அத்தொகையும் இறங்கிற்று. நியூஸிலாந்திலும் 1970-களின் பிற்பகுதியில் ஃபெனோடெரால் என்னும் மருந்தை ஒட்டி இத்தகைய துயரம் நேர்ந்தது. 2019-ஆம் ஆண்டில், 'ஜீனா' எனச் சுருங்க வழங்கும் உலக ஆஸ்துமா அமைப்பு, பெரியோர்க்கும் வளரிளம் பருவத்தார்க்கும் விரைந்து தணிக்கும் மருந்தை மட்டும் கொடுத்தல் தகாது என்றும், அழற்சியைத் தடுக்கும் மருந்தும் உடன் சேரவேண்டும் என்றும் அறிவுறுத்தியது. விரைந்து தணிக்கும் ஃபார்மோடெராலும் தடுக்கும் பூடெசோனைடும் ஒரே குழலில் கலந்து வருவதும் இக்கருத்துப் பற்றியே.

இனி, நம்மவர் கூறும் தடைகளை நோக்குவோம். "இன்ஹேலர் கடைசி மருந்து, மாத்திரையே மென்மையானது" என்பர் சிலர். சால்பியூட்டமால் குப்பியை ஒருமுறை அழுத்தினால் வெளிப்படுவது 100 மைக்ரோகிராம். மாத்திரை ஒன்றில் அடங்கியதோ 2 அல்லது 4 மில்லிகிராம். ஆகவே பெரிய மாத்திரை ஒன்று நாற்பது அழுத்தங்களுக்கு ஒப்பாகும். மாத்திரை உடல் முழுதும் பரவிக் கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் விளைக்க, உள்ளிழுப்பதோ வேண்டிய இடத்தையே நேரே சென்று சேர்கிறது. இவற்றுள் மென்மையானது யாது என்பதை நீங்களே கூறுங்கள்.

"ஸ்டீராய்டு தீயது" என்பர் வேறு சிலர். நெடுநாள் விழுங்கும் ஸ்டீராய்டு எலும்பையும் பிற உறுப்புக்களையும் கெடுக்கும் என்பது உண்மையே. உள்ளிழுக்கும் அளவு மிகச் சிறிது. வாயில் வெண்படலம் தோன்றுதலும் குரல் கம்முதலும் நேரலாம்; ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்தால் அவை பெரிதும் குறையும். இதற்கஞ்சித் தடுப்பு மருந்தை ஒதுக்குவோர், நோய் முற்றியபின் விழுங்கும் ஸ்டீராய்டுக்கே ஆளாகின்றனர் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது தடை நாணம். இதற்குப் பரிகாரம் வைத்தியரிடம் இல்லை, நம்மிடமே உள்ளது. கண்ணாடி அணிவோரைப் பார்த்து நாம் நகைப்பதில்லை. மூச்சுக்குக் குழல் பிடிப்போரை மட்டும் உற்று நோக்குதல் எற்றுக்கு? அந்நோக்குக்கு அஞ்சியே பலர் மருந்தைப் பெட்டியின் அடியில் ஒளித்து வைக்கின்றனர்.

மாணவ நண்பர்காள்! உங்களுள் இந்நோயுடையார், வைத்தியரைக் கேளாமல் தடுப்பு மருந்தை நிறுத்தாதிருங்கள். தணிப்பு மருந்து அடிக்கடி வேண்டியிருப்பின், அதனை நோய் மீறுவதற்கு அறிகுறியாகக் கொண்டு விரைந்து வைத்தியரை நாடுங்கள். நோயில்லாதார், அறைத்தோழர் மூச்சுக்குத் தவிக்கும்போது செய்வது யாதென அறிந்திருங்கள். என் நண்பர் இப்பொழுது நாள்தோறும் காலையிலும் மாலையிலும் தம் மருந்தை எல்லோர் முன்னிலையிலும் உட்கொள்கிறார். அதன்பின் ஓராண்டாக அவர் வாழ்வில் சொல்லத்தக்கதொரு தவிப்பு நேரவில்லை. அம்மருந்தின் சிறப்பும் அதுவே.